கதையாக வரும் கணக்கு

‘ப்ரொப்ளேம்’ என்ற சொல்லை எங்கள் தலைமுறைப் புதுச்சேரிக்காரர் ஒருவரிடம், அதுவும் பிரெஞ்சு வழியில் படித்தவரிடம், சொல்லிப் பாருங்கள். முழங்கால் வலியோ பென்ஷன் அரியரோ அவர் நினைவுக்கு வராது. தண்ணீர்த் தொட்டிதான் வரும். அதில் ஒரு குழாய் நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும், தொட்டி எப்போது நிரம்பும் என்று மிசியே கேட்பார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தத் தொட்டி எனக்கு நிரம்பினபாடில்லை.

இன்றைய பிள்ளைகள் இதை ‘ஸ்டேட்மெண்ட் சம்’ என்கிறார்கள். வெறும் எண்ணாக இல்லாமல் நாலு வரிக் கதையாக வரும் கணக்கு. கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கும்போது நண்பர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான்: “கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் டக்கு டக்கென்று போடறான் சார். ஸ்டேட்மெண்ட் சம் வந்தா மட்டும் முழிக்கிறான்.” மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால் சாயங்காலம் வீட்டுப்பாடம் தாத்தா பாட்டி தலையில்தான் விழுகிறது. எனக்கும் அப்படித்தான். பேத்தி மூன்றாம் வகுப்பு. அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிற சாக்கில் இந்தக் கதைக் கணக்கின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வியாதிக்கு வயது ஏறக்குறைய நாலாயிரம். பாபிலோன் களிமண் பலகைகளில் ஒரு கணக்கு இப்படித் தொடங்குகிறது: ஒரு கல்லைக் கண்டெடுத்தேன், எடை போடவில்லை. பிறகு அதோடு இன்னது சேர்த்தேன், இவ்வளவு ஆயிற்று, முதலில் கல் எவ்வளவு எடை என்று போகும். எடை போடாமல் ஏன் வந்தாய் என்று அந்தக் காலத்துப் பையன் எவனாவது கேட்டிருப்பான் என்பது என் யூகம்.

எகிப்தில் கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்பவர் ஒரு பப்பைரஸ் சுருளில் எண்பதுக்கு மேற்பட்ட கணக்குகளை எழுதி வைத்தார். அவை தன் சொந்தச் சரக்கு அல்ல, இன்னும் பழைய சுவடியைப் பார்த்து எழுதியவை என்று அவரே குறித்திருக்கிறார். ஆசாமி ஓர் எழுத்தர். குமாஸ்தா என்று சொல்லலாம். கருவூலத்தில் காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்கு இதில் ஓர் அற்பப் பெருமை. உலகத்தின் மிகப் பழைய கணிதச் சுவடிகளில் ஒன்று எங்கள் வர்க்கத்து ஆள் கையெழுத்தில் இருக்கிறது.

அதில் என்ன கணக்கு? இத்தனை ரொட்டியைப் பத்துப் பேருக்குப் பிரி. இவ்வளவு தானியத்தில் எவ்வளவு பீர் காய்ச்சலாம். எல்லாம் கூலி கொடுக்கும் இடத்திலும் களஞ்சியத்திலும் தினம் நடக்கிற விஷயம். ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒரு குவியல், அதோடு அதன் ஏழில் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்து 19. குவியல் எவ்வளவு?

இதற்கு இன்று x என்று போடுவோம். ஆமெஸ் அப்படிப் போடவில்லை. குவியல் 7 என்று வைத்துக்கொள் என்கிறார். ஏழில் ஒரு பங்கு 1. சேர்த்தால் 8. ஆனால் நமக்கு வேண்டியது 19. எட்டை எத்தனை மடங்கு ஆக்கினால் 19 வரும்? இரண்டே காலே அரைக்கால் மடங்கு. அதே மடங்கு ஏழையும் பெருக்கு. விடை பதினாறரையே அரைக்கால். நான் தமிழ்ப் பின்னத்தில் வேண்டுமென்றே சொல்லவில்லை. எகிப்தியரும் பதினாறு, பாதி, எட்டில் ஒன்று என்று அடுக்கித்தான் எழுதினார்கள். எங்கள் பாட்டி சொல்லும் அரையும் அரைக்காலும் நைல் நதிக்கரையில் அப்படியே நிற்கிறது!

நம் தேசத்துக்கு வந்தால் 1150-ல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதி. லீலாவதி அவருடைய மகள் என்பது வழிவழியாக வரும் கதை. அதிலுள்ள தேனீக் கணக்கு உங்களில் பலர் கேட்டதாக இருக்கும். ஒரு தேனீக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கதம்பப் பூவுக்குப் போயிற்று. மூன்றில் ஒரு பங்கு இன்னொரு பூவுக்கு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு வேறொரு பூவுக்கு. மிச்சம் ஒரே ஒரு தேனீ இங்கும் அங்கும் பறந்துகொண்டிருக்கிறது. மொத்தம் எத்தனை?

இதையும் ‘வைத்துக்கொள்’ முறையில் போடலாம். 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 போயிற்று, 10 போயிற்று, வித்தியாசம் 4, அதன் மூன்று மடங்கு 12. ஆக 28. மிச்சம் 2. நமக்கு மிச்சம் 1 என்பதால் 30-ல் பாதி, 15. பேத்திக்கு இதைச் சொன்னபோது விடையைப் பற்றி அவள் கேட்கவில்லை. அந்த ஒரு தேனீ ஏன் தனியாகப் போயிற்று என்று கேட்டாள். கணக்கு அவளுக்குக் கண்ணில் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கதை இன்னும் நெருக்கம். முதலில் எண்சுவடி மனப்பாடம். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, காணி 80-ல் ஒன்று, மா 20-ல் ஒன்று, மாகாணி 16-ல் ஒன்று, அப்புறம் அரைக்கால், கால், அரை, முக்கால். மணலில் எழுதி, வாயால் சொல்லி, சட்டாம்பிள்ளையிடம் ஒப்பிக்க வேண்டும். மனப்பாடம் முடிந்த பின்புதான் நெல், நிலம், கூலி. 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்ற அளவில் குத்தகையும் வாரமும் கேட்பார்கள். காரி நாயனார் பெயரில் வழங்கும் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பலிக்குமா என்பதை பண்ருட்டிப் பக்கத்து வாசகர்கள்தான் சொல்ல வேண்டும். நான் இரண்டு பழத்தில் முயன்றேன். முள்ளை எண்ணி முடிப்பதற்குள் வீட்டில் பழத்தை வெட்டிவிட்டார்கள்.

திண்ணைப் பள்ளிக் கணக்கைப் பற்றி நம் ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய செந்தில் பாபு பல காலம் ஆராய்ந்து, 2022-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே வெளியிட்டிருக்கிறார். ஆர்வமுள்ளவர்கள் பார்க்கலாம்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குத் தட்டுப்பட்ட விஷயம் ஒன்று. ரொட்டி, தேனீ, நெல், பலா என்று எதை எடுத்தாலும், கணக்கைக் கேட்ட பிள்ளைக்குக் கதை முன்னமே தெரிந்திருந்தது. தெரியாதது எண் மட்டும்தான். கதை அவனுக்கு ஊன்றுகோல். அது எந்த இடத்தில் சுவராக மாறிற்று?

ஐரோப்பாவிலும் ஆரம்பத்தில் ஊன்றுகோலாகத்தான் இருந்தது. கி.பி. 800 வாக்கில் சார்லமாஞ் மன்னரின் அவையில் இருந்த அல்குயின் பெயரில் ஒரு புதிர்க் கணக்குத் தொகுப்பு இருக்கிறது. இளைஞர் புத்தியைத் தீட்டுவதற்கு என்று அதன் தலைப்பு. ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் மூன்றையும் ஓடத்தில் அக்கரை சேர்க்கும் கதை அதில் வருகிறது. நம் வீட்டில் அதுவே புலி, ஆடு, புல்லுக்கட்டு.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கொந்தோர்சே என்ற அறிஞர் சிறுவர்களுக்காக ஓர் எண்கணிதப் புத்தகம் எழுதினார். எழுதிய சூழ்நிலையைக் கேளுங்கள். கைது வாரண்ட் பிறந்து, பாரிஸில் ஒரு விதவையின் வீட்டில் ஒளிந்திருந்த மாதங்கள். வெளியே கில்லட்டின் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இவர், பிள்ளைகளுக்கு விதியை மட்டும் கொடுக்காமல் காரணத்தையும் சேர்த்துக் கொடுப்பது எப்படி என்று பாடம் பாடமாக எழுதிக்கொண்டிருக்கிறார். 1794-ல் பிடிபட்டுச் சிறையில் இறந்தார். புத்தகம் 1799-ல் அச்சேறியது.

அதே புரட்சி 1795-ல் மீட்டர், கிராம், லிட்டரைக் கொண்டுவந்தது. ஜனங்கள் லேசில் ஏற்கவில்லை. 1840 ஜனவரி 1 முதல்தான் பிரான்சில் அது கட்டாயம். பழைய அளவை மறக்கடித்துப் புதிய அளவைப் பழக்கப்படுத்தும் வேலை பள்ளிக்கூடத்தின் தலையில் விழுந்தது. கதைக் கணக்குதான் அதற்கு ஆயுதம். 1880-களில் ழுல் ஃபெரியின் சட்டங்கள் ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. அதன் முடிவில் ‘சேர்த்திஃபிகா’ பரீட்சை. ‘தீக்தே’ என்னும் சொல்வதெழுதலில் ஐந்து பிழை போனால் பூஜ்யம். கணக்கில் விடை மட்டும் எழுதினால் போதாது, காரணத்தோடு எழுத வேண்டும். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் பிரான்சில் நிறைய உண்டு. 1989-ல்தான் அந்தப் பரீட்சையை எடுத்தார்கள்.

அந்தக் கணக்குப் புத்தகங்கள் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தன. 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது, 1962-ல் சட்டப்படி இணைப்பு. ஆனால் நான் பள்ளியில் சேர்ந்த 1950-களின் கடைசியில் எங்கள் வகுப்பில் பாடம் பிரெஞ்சில்தான். அந்த வயதில் நாங்கள் சுமந்த அளவைகளை இன்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. வகுப்பில் லிட்டர், ஹெக்டோலிட்டர், ஆர், ஹெக்டார். வீட்டில் படி, மரக்கால், குழி, காணி. கடைத்தெருவில் ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரல் முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. தாத்தா வாயில் இன்னும் பழைய பிரெஞ்சிந்தியப் பணம், காசு: 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். பெருக்கிப் பாருங்கள், ரூபாய்க்கு 192 காசு. எல்லைக்கு அந்தப் பக்கம் ரூபாய்க்கு 192 தம்பிடி. இரண்டு வல்லரசு சண்டை போட்டாலும் சில்லறையில் ஒத்துப் போயிருக்கிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ‘பர்ரிக்’ வந்தது. ஒரு பர்ரிக்கில் 225 லிட்டர் ஒயின் இருக்கிறது. அதை 75 செந்திலிட்டர் பாட்டில்களில் நிரப்பினால் எத்தனை பாட்டில் வேண்டும்? விடை 300. வகுத்தல் தெரிந்தால் ஒரு நிமிஷக் கணக்கு.

என் பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை. விடிகாலையில் கடையில் நின்றுவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். மனக்கணக்கில் அவனை யாரும் ஜெயித்ததில்லை. மிசியே கணக்கைச் சொல்லி மேஜையைத் தட்டியதும் எல்லோரும் சிலேட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவன் சிலேட்டுதான் முதலில் எழும்பும். ஆனால் ப்ரொப்ளேம் என்றால் அவன் கை நடுங்கும். பர்ரிக் என்றால் மரப்பீப்பாய் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ‘பார்க்’ என்றால் பிரெஞ்சில் படகு. அவன் இதையும் படகு என்றே எடுத்துக்கொண்டான். படகை எப்படிப் பாட்டிலில் ஊற்றுவது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. அன்று அவன் விரல் முட்டியில் மரக்கோல் விழுந்தது. 225-ஐயும் 75-ஐயும் கூட்டி 300 என்று எழுதியிருந்தான். விடை சரி! 225-ஐ முக்காலால் வகுத்தாலும் 300, இரண்டு எண்ணையும் கூட்டினாலும் 300. கோல் விழுந்தது வழிக்காக. என்ன நினைத்து எழுதினாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷக் கடைசிப் பரீட்சையில் அவனுக்கு ப்ரொப்ளேமில் பூஜ்யம். கணக்கே வராத பையன் என்று சொல்லி அப்பாவிடம் ஒப்படைத்தார்கள். அதன்பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. பல வருஷம் கழித்து மார்க்கெட்டில் அவனிடம் காய் வாங்கும்போது கவனிப்பேன். ஆறு தினுசு காய், ஒவ்வொன்றும் வேறு விலை, கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ. தராசுத் தட்டு இறங்குவதற்குள் மொத்தத்தைச் சொல்லிவிடுவான். எங்கள் கருவூலத்தில் கூட்டல் எந்திரம் வைத்திருந்தவர்கள் அவன் பக்கத்தில் நிற்க முடியாது. கணக்கு வராத பையன்.

இப்படி ஒருவன் மட்டும் இல்லை என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்ற ஊரில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் தெருவில் விற்கும் சிறுவர்களிடம் வாடிக்கையாளர் போலப் போய் வாங்கினார்கள். பன்னிரண்டு வயதுப் பையனிடம் பத்துத் தேங்காய் கேட்டார்கள், ஒன்று 35 குருசேரோ. அவன் பத்தால் பெருக்கவில்லை. மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று போட்டால் 210, இன்னும் நாலு வேண்டுமே என்று ஏறி 350-ல் வந்து நின்றான். பிறகு அதே பிள்ளைகளுக்கு அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் கொடுத்தார்கள். 1985-ல் வெளியான முடிவு இது: தெருவில் நூற்றுக்கு 98 சரி. தாளில் கதையாகக் கொடுத்தபோது 74. வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37.

கடைசி இரண்டு எண்ணையும் இன்னொரு தடவை பாருங்கள். கதைக் கணக்குதான் கஷ்டம், வெறும் எண் சுலபம் என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு நேர் எதிர். தெரிந்த கதை என்றால் கதையே கணக்கைப் போட்டுக் கொடுக்கிறது. எங்கள் மார்க்கெட் பையனைப் படகும் பீப்பாயும்தான் கவிழ்த்தன, வகுத்தல் கவிழ்க்கவில்லை.

ஆகவே பேரப்பிள்ளை முழித்தால் வாய்ப்பாட்டை இன்னொரு முறை ஒப்பிக்கச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். கதை தெரிந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு எங்கள் அடுத்த வகுப்பு மிசியே வைத்திருந்த வழியைச் சொல்கிறேன். நல்ல மனிதர். கணக்கைப் படித்ததும் புத்தகத்தை மூடச் சொல்வார். எண்ணே சொல்லாமல் கதையைச் சொல்லு, தமிழிலேயே சொல்லு என்பார். “ஒருத்தர் தேங்காய் வாங்கறார், வண்டிக்கூலி தர்றார், கொஞ்சம் அழுகிப் போகுது, மிச்சத்தை விக்கறார்” என்று சொன்னால் போதும். “கடைசியில அவர் மனசுல என்ன கேள்வி இருக்கும்?” என்பார். “லாபமா நஷ்டமான்னு” என்போம். அதன்பின்தான் நோட்டைத் திறக்க வேண்டும்.

பிரெஞ்சுப் பள்ளி நோட்டின் அமைப்பு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்தின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு. இடப்பக்கம் ‘சொலுசியோன்’, அதாவது தீர்வு, முழு வாக்கியத்தில். வலப்பக்கம் ‘ஒப்பெரேசியோன்’, அதாவது கூட்டல் பெருக்கல். வலப்பக்கம் எத்தனை பெருக்கினாலும், அது எதன் கணக்கு என்று இடப்பக்கம் வாக்கியம் இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது. எங்களுக்கு அது அப்போது வதையாக இருந்தது. இப்போது பேத்திக்கு அதே கோட்டைத்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

தேங்காய்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 25 தேங்காய், ஒன்று 12 ரூபாய் வீதம் வாங்கினார். வண்டிக்கூலி 40 ரூபாய். 3 அழுகல். மீதியை ஒன்று 18 ரூபாய் வீதம் விற்றார். இடப்பக்கத்தில் ‘தேங்காய் வாங்கின விலை’ என்று எழுதி எதிரே 25-ஐ 12-ஆல் பெருக்கி 300. ‘கூலியோடு சேர்த்து அடக்க விலை’ 340. இந்த அடக்க விலைக்குப் பிரெஞ்சில் தனிச்சொல் வைத்து எங்களைப் படாத பாடு படுத்தினார்கள். நம் செட்டியார் கடையில் ‘அடக்கம் என்ன?’ என்று ஒரே வார்த்தையில் கேட்பதுதான் அது. ‘விற்கக்கூடிய தேங்காய்’ 22. ‘விற்ற விலை’ 396. ‘லாபம்’ 56 ரூபாய். ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர் வந்துவிட்டால், 40-ஐத் தேங்காயோடு கூட்டலாமா என்ற சந்தேகமே பிள்ளைக்கு எழாது.

இன்றைக்கு டியூஷன்களில் வேறு ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி, ‘அதிகம்’ என்றால் கூட்டு. எனக்கு இதில் கோபமே வருகிறது. இந்தக் கணக்கைப் பாருங்கள். ராதாவிடம் 12 பென்சில் இருக்கிறது. இது குமாரிடம் இருப்பதைவிட 5 அதிகம். குமாரிடம் எத்தனை? குறுக்குவழிப் பிள்ளை ‘அதிகம்’ என்பதைப் பார்த்த மாத்திரத்தில் 17 என்று எழுதும். யாரிடம் அதிகம் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். விடை 7. பேத்தியும் முதலில் 17 என்றுதான் சொன்னாள். இரண்டு கோடு போடச் சொன்னேன். ராதாவுக்கு நீளக் கோடு, குமாருக்குக் குட்டைக் கோடு. வாத்தியார் யாரும் தேவைப்படவில்லை, தானே சிரித்துவிட்டு அழித்தாள். இந்தக் கோடு போடும் வழியைச் சிங்கப்பூரில் 1980-களில் பாடத்திட்டத்திலேயே சேர்த்து நாடு முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று பல தேசங்களில் அது பரவியிருக்கிறது.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை. அந்த வரியை அவர்கள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், வீட்டில் பேசுவது தமிழ். நாங்கள் பிரெஞ்சில் பட்ட அவஸ்தையேதான். கணக்கைத் தமிழில் சொல்லிக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. விடையை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

வார்த்தையைப் பார்த்து எண்ணைக் கூட்டும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரான்சிலிருந்தே ஓர் உதாரணம். 1840-களின் தொடக்கத்தில் எழுத்தாளர் ஃப்ளோபேர் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கேலிக் கணக்குப் போட்டார். பருத்தி ஏற்றிய கப்பல், இத்தனை டன், இத்தனை பயணிகள், காற்று இந்தத் திசை, மணி இத்தனை. கப்பல் தலைவனின் வயது என்ன? கணக்குப் பாடத்தில் அவதிப்பட்டவன் செய்யும் குறும்பு.

அந்தக் குறும்பை 1979 வாக்கில் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் நிஜமாகவே வகுப்பறைக்குக் கொண்டு போனார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன? ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டதில் 76 பேர் எண்ணைக் கூட்டியோ கழித்தோ ஒரு விடை எழுதிவிட்டார்கள். 36 வயது என்பது பார்வைக்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது! ஸ்டெல்லா பாருக் என்ற கணித ஆசிரியை 1985-ல் இதை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். பிரான்சில் பெரிய விவாதம் ஆயிற்று. அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. பள்ளியில் கேட்ட கேள்விக்கு விடை இருந்தே தீரும், அர்த்தம் பார்ப்பது நம் வேலை இல்லை என்று மூன்றே வருஷத்தில் பழகிவிட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் நல்ல மிசியேதான் நினைவுக்கு வருகிறார். புத்தகத்தில் பாரிஸிலிருந்து ஒரு ரயிலும் லியோனிலிருந்து ஒரு ரயிலும் எதிரெதிரே புறப்படும். அவர் அதை மாற்றிவிட்டார். புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் வந்துவிட்டது, விழுப்புரம் சுமார் 38 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு இங்கிருந்து ஒரு வண்டி மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதே ஆறு மணிக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு கூட்ஸ் வண்டி 14 கிலோமீட்டர் வேகத்தில். எப்போது, எங்கே சந்திக்கும்? எல்லோரும் நோட்டில் கோடு போட்டு ஏழு மணி, புதுச்சேரியிலிருந்து 24-ஆவது கிலோமீட்டர் என்று எழுதிக்கொண்டிருந்தோம். கடைசிப் பெஞ்சில் ஒருவன் எழுந்தான். அவன் மாமா ரயில்வேயில் வேலை பார்த்தவர்.

“மிசியே, விழுப்புரம் லைன்ல ஒரே தண்டவாளம்தான். ஏழு மணிக்கு மோதிக்குமே?”

வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டது. மிசியே கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். பிறகு சாக்பீஸை எடுத்துப் பலகையில் வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் என்று வரிசையாக மூன்று புள்ளி வைத்து, “சரி, கூட்ஸை எங்கே நிறுத்தி வைக்கலாம், எத்தனை நேரம் நிறுத்தணும்? நீயே வந்து சொல்லு” என்று சாக்பீஸை அவனிடம் நீட்டினார். மணி அடித்த பிறகும் நாங்கள் வெளியே போகவில்லை.